ஏழைக்கென்று எழுப்பிய மாளிகை

ஒரு தேசத்தின் செல்வத்தை அறிய வேண்டுமானால் அதன் அரண்மனைகளைப் பார்க்க வேண்டும். பக்தியை அறிய வேண்டுமானால் ஆலயங்களைப் பார்க்க வேண்டும். அதன் மனத்தை அறிய விரும்புகிறவர்கள் மட்டும் மூன்றாவதாக ஓர் இடத்துக்குப் போக வேண்டும். உழைத்துத் தேய்ந்த கிழவனையும், கைக்குழந்தையோடு நின்ற விதவையையும், தாய் தந்தையற்ற பிள்ளையையும் அந்தத் தேசம் எங்கே படுக்க வைத்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான தேசங்களில் அந்த இடம் அழிந்து போயிருக்கும். எவரும் அதைப் பாதுகாப்பதில்லை. இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் அத்தகைய கட்டிடம் ஒன்று செங்கல் பெயராமல் நிற்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அவ்வூரின் பெயர் சௌத்வெல். நாட்டிங்ஹாம்ஷையர் ஜில்லாவில் உள்ள சந்தையூர். சிற்றூரானாலும் பெருமைக்குக் குறைவில்லை. அங்குள்ள பெரிய மாதாகோயிலை 1108-ஆம் ஆண்டு வாக்கில் கட்டத் தொடங்கினார்கள். கோயிலைச் சேர்ந்த சபா மண்டபத்தின் தூண்களில் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிற்பிகள் ஓக், திராட்சை, ஹாப்ஸ் முதலிய இலைகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். காற்று வீசினால் அசையும் என்று எண்ணும்படி இருக்கும் அந்த வேலைப்பாடு. முதலாம் சார்லஸ் மன்னன் 1646-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துப் படையிடம் சரணடைவதற்கு முன் தங்கிய விடுதி இவ்வூரில்தான் உள்ளது. ஆங்கிலேயர் சமையலுக்குப் பயன்படுத்தும் பிராம்லி என்ற புளிப்பு ஆப்பிளும் இவ்வூரில்தான் பிறந்தது. மேரி ஆன் பிரெயில்ஸ்போர்டு என்ற சிறுமி 1809-ஆம் ஆண்டில் தன் வீட்டுத் தோட்டத்தில் ஊன்றிய விதையே அந்த ஜாதி மரங்களுக்கெல்லாம் மூலம்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு ஊரின் ஓரமாகச் சற்று நடந்தால், வயல்களுக்கு நடுவே மூன்று நிலை கொண்ட செங்கல் கட்டிடம் ஒன்று தோன்றும். முன்னால் காய்கறித் தோட்டம். அதை ஊடுருவிச் செல்லும் பாதை. நடுவில் உயர்ந்த முகப்பு. இரு பக்கமும் அளவெடுத்தாற்போல் ஒத்த சிறகுகள். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் யாரோ ஒரு பிரபு தம் குடும்பத்துக்கென்று கட்டிய மாளிகை என்றே நினைப்பார்கள். 1824-ஆம் ஆண்டில் அதைக் கட்டியது நூற்றைம்பத்தெட்டு ஏழைகளைக் குடிவைப்பதற்காக. அதற்கு ஆங்கிலத்தில் 'ஒர்க்ஹவுஸ்' என்று பெயர். உழைப்புச் சாலை என்று நாம் சொல்லலாம்.

பாதிரியாரும் கப்பல் தலைவரும்

இங்கிலாந்தில் ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பை 1601-ஆம் ஆண்டிலேயே சட்டம் ஊர்களின் மேல் சுமத்திவிட்டது. 'பாரிஷ்' என்னும் ஒவ்வொரு மாதாகோயில் வட்டமும் நிலமும் வீடும் உள்ளவர்களிடம் வரி தண்டி, தன் எல்லைக்குள் இருக்கும் ஏழைகளுக்கு அரிசிக்குப் பதில் ரொட்டியும், விறகும், சில ஷில்லிங்குகளும் கொடுக்க வேண்டும். பாத்தியதையாகக் கிடைக்கும் உதவி அது. நூற்றாண்டுகள் இரண்டு இப்படிக் கழிந்தன. பிறகு நெப்போலியனோடு நடந்த நீண்ட யுத்தம் 1815-இல் முடிந்தது. படையிலிருந்து விடுபட்டவர்கள் வேலையின்றித் திரும்பினார்கள். தானிய விலை மக்களை வாட்டியது. பொது நிலங்களை வேலியிட்டு வளைத்துக் கொண்டதனால் குடியானவனுக்கு மாடு மேய்க்கவும் இடமில்லை. ஏழை வரி ஏறிக்கொண்டே போயிற்று. வரி செலுத்தியவர்கள் முணுமுணுத்தார்கள்.

சௌத்வெல் ஊரில் அப்போது இரண்டு பேர் இந்த விஷயத்தைத் தீவிரமாக ஆராய்ந்தார்கள். ஒருவர் ஜான் தாமஸ் பெச்சர் என்ற பாதிரியார். கல்விமான், நீதிபதியாகவும் அமர்ந்தவர், ஒழுங்கில் அபார நம்பிக்கை உள்ளவர். கவி பைரன் வாலிபனாக இவ்வூரில் தங்கியிருந்த காலத்தில் அவனுக்கு நண்பராக இருந்தார். 1806-ஆம் ஆண்டில் பைரன் தன் முதல் கவிதைத் தொகுதியை அச்சிட்டுக் கொடுத்தபோது, அதில் ஒரு பாட்டு வரம்பு கடந்திருக்கிறது என்று பெச்சர் சொன்னார். பைரன் கையில் கிடைத்த பிரதிகளையெல்லாம் கொளுத்திவிட்டான். பாதிரியாரின் சொல்லுக்கு அவ்வளவு கனம்.

மற்றவர் ஜார்ஜ் நிக்கல்ஸ். இவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவர். இளம் வயதிலேயே கப்பலேறி, இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கடலில் உழன்றவர். இவருடைய 'பெங்கால்' என்ற கப்பல் 1815-ஆம் ஆண்டில் இலங்கையிலே காலித் துறைமுகத்தில் தீப்பற்றி எரிந்து போயிற்று. குற்றம் இவர்மேல் இல்லை என்று தீர்ப்பாயிற்று. ஆனாலும் இவர் கடல் வாழ்வை விட்டுக் கரையேறி, சௌத்வெல் ஊரில் குடியமர்ந்தார். அங்கே ஊரார் இவரை ஏழைகளின் மேற்பார்வையாளராக ஆக்கினார்கள். கப்பலில் தண்ணீரையும் ரொட்டியையும் அளந்து கொடுத்துப் பழகிய கை, இப்போது ஊர் ஏழைகளின் கஞ்சியை அளக்கத் தொடங்கியது.

நிக்கல்ஸின் முறை மிகவும் எளியது. வீட்டிலிருந்தபடியே பணம் பெறுவதை நிறுத்தினார். உதவி வேண்டுமா? உழைப்புச் சாலைக்குள் வந்துவிடு. உணவு உண்டு, படுக்கை உண்டு. ஆனால் வீடு வாசலை விட்டு, அங்குள்ள விதிகளுக்கு அடங்கி இருக்க வேண்டும். மெய்யாகவே வழியில்லாதவன் வருவான். மற்றவன் எப்படியாவது பிழைத்துக் கொள்வான். இதன் பலனாகச் சில ஆண்டுகளில் சௌத்வெல் ஊரின் ஏழைச் செலவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. வரி கொடுத்தவர்கள் மகிழ்ந்தார்கள். உள்ளே வர மறுத்துப் பட்டினி கிடந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கில் எழுத ஒரு பத்தியும் இல்லை.

பெச்சர் இதே கொள்கையைப் பெரிய அளவில் நடத்த விரும்பினார். நாற்பத்தொன்பது பாரிஷ்களை ஒன்றாகச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக 1824-இல் இந்தக் கட்டிடத்தை எழுப்பினார்.

சுவர்களால் எழுதிய சாஸ்திரம்

கட்டிடத்தின் நடுப்பகுதியில் 'மாஸ்டர்' என்ற தலைவரும், 'மேட்ரன்' என்ற தலைவியும் வசித்தார்கள். அவர்களுடைய ஜன்னல்களிலிருந்து பார்த்தால் பின்புறத்து முற்றங்கள் கண்ணில் படும். அந்த முற்றங்களை உயர்ந்த சுவர்கள் தனித்தனியாகப் பிரிக்கின்றன. கீழ்த்தளத்தில் பகலில் இருக்கும் அறைகள்; மேல் தளங்களில் படுக்கும் அறைகள்.

பிரித்து வைப்பதே அக்கட்டிடத்தின் உயிர்நாடி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், குழந்தைகள் வேறொரு பக்கம். அதோடு முடியவில்லை. முதுமையாலும் நோயாலும் வந்தவர்கள் குற்றமற்ற ஏழைகள். உடம்பில் வலுவிருந்தும் வந்தவர்கள் சோம்பேறிகள், தாறுமாறாக நடப்பவர்கள். இந்த இரண்டு வகுப்பாரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்ளவே கூடாது என்பது பெச்சரின் கருத்து. ஆகவே அறைகள் வேறு, முற்றங்கள் வேறு, மாடிப்படிகளும் வேறு. ஒரே கூரையின் கீழ்க் கணவன் ஒரு சிறகிலும், மனைவி மற்றொரு சிறகிலும், குழந்தை வேறோர் அறையிலும் தூங்கினார்கள். நடுவில் இருந்த தூரம் சில கஜம். அதைத் தாண்ட உத்தரவு வேண்டும்.

உள்ளே வந்தவர்கள் தங்கள் துணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையின் உடையை அணிந்து கொண்டார்கள். மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும். மணி அடித்தால் சாப்பிட வேண்டும். மணி அடித்தால் படுக்க வேண்டும். பெண்கள் துணி துவைத்தார்கள், சமைத்தார்கள், தரையைத் தேய்த்தார்கள், நோயாளிகளைப் பார்த்துக் கொண்டார்கள். வலுவுள்ள ஆண்களுக்குக் கல் உடைக்கும் வேலையோ, பழைய கப்பல் கயிறுகளைப் பிரித்து நாராக்கும் வேலையோ உண்டு. தார் தோய்ந்து இறுகிய கயிற்றை நகத்தால் பிரிக்க வேண்டும். மரக் கப்பல்களின் இடுக்குகளை அடைக்க அந்த நார் உதவும்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சாலை சிறைச்சாலை அன்று. எவரும் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு வெளியே போகலாம். குடும்பத் தலைவன் போனால் குடும்பம் முழுவதும் அவனோடு போய்விட வேண்டும், அவ்வளவுதான். உள்ளே இருந்தவர்களுக்குக் கஞ்சியும் ரொட்டியும், சில நாட்களில் இறைச்சியும் தவறாமல் கிடைத்தன. வைத்தியர் வந்து பார்த்தார். பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பு நடந்தது. வெளியே கூலிக்காரன் பிள்ளைக்கு இவை நிச்சயமில்லை. பெச்சர் கொடியவர் அல்லர். ஏழைகள் திருந்த வேண்டும் என்று மனமார விரும்பியவர். ஏழ்மை என்பது திருத்த வேண்டிய ஒரு குற்றம் என்று அவர் உறுதியாக நம்பினார். அங்கேதான் வினை புகுந்தது. கொடியவன் ஒரு நாள் களைத்துப் போவான். நல்லதைச் செய்வதாக நம்புகிறவன் களைப்பதே இல்லை.

ஓர் ஊரின் முறை தேசத்தின் சட்டமாயிற்று

1832-ஆம் ஆண்டில் ஏழைகள் சட்டத்தை ஆராய அரசாங்கம் ஒரு கமிஷன் நியமித்தது. அந்தக் கமிஷன் சௌத்வெல் முறையை வெகுவாகப் பாராட்டியது. 1834-இல் புதிய சட்டம் பிறந்தது. அதை நடத்துவதற்கு நியமித்த மூன்று கமிஷனர்களில் ஒருவர் யார் என்று நினைக்கிறீர்கள்? காலித் துறைமுகத்தில் கப்பலைப் பறிகொடுத்த அதே ஜார்ஜ் நிக்கல்ஸ்தான். பாரிஷ்கள் கூட்டம் கூட்டமாக 'யூனியன்'களாகச் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு யூனியனுக்கும் ஓர் உழைப்புச் சாலை. சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தெங்கும் நூற்றுக்கணக்கான சாலைகள் எழுந்தன.

புதிய சட்டத்தின் மூல மந்திரம் ஒன்று உண்டு. உழைப்புச் சாலைக்குள் இருப்பவனுடைய நிலை, வெளியே உழைத்துப் பிழைக்கும் கடைசிக் கூலிக்காரனுடைய நிலையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்பதே அது. வெளியே இருப்பவனோ அரை வயிற்றோடு இருக்கிறான். அவனுக்கும் கீழே போக வேண்டுமானால் உணவைக் குறைத்தால் உயிர் நிற்காது. ஆகவே மானத்தைக் குறைத்தார்கள். குடும்பத்தைப் பிரித்தார்கள். பாரிஷ் உதவி பெற்றவனுக்கு ஓட்டுரிமை இல்லை என்றிருந்த விதி 1918 வரையில் நீடித்தது. 1832-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உழைப்புச் சாலையில் இறந்து உறவினர் கேட்க வராத உடல்களை வைத்தியக் கல்லூரிகளுக்கு அறுத்துப் பார்க்கக் கொடுக்க வழி செய்தது. அன்று வரையில் தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடலுக்கு இருந்த கதி அது. உழைப்புச் சாலை என்றாலே கிழவர்களும் கிழவிகளும் நடுங்கியதற்கு இது ஒரு காரணம்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1837-இல் எழுதத் தொடங்கிய 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில், பசி தாங்காமல் இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்ட சிறுவனைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். நாவலைவிடப் பயங்கரமான உண்மை 1845-இல் வெளியாயிற்று. ஆண்டோவர் என்ற மற்றொரு சந்தையூரின் சாலையில், எருவுக்காக எலும்பு இடிக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். பசியினால் அந்த எலும்புகளில் ஒட்டியிருந்த தசையையும் உள்ளே இருந்த மஜ்ஜையையும் கடித்துத் தின்றார்கள் அங்கே இருந்தவர்கள். பார்லிமெண்டு விசாரணை நடந்தது. 1847-இல் பழைய கமிஷனைக் கலைத்து வேறு ஒரு போர்டு அமைத்தார்கள். அறுபது வயது கடந்த தம்பதிகளைப் பிரிக்க வேண்டாம் என்று அதே ஆண்டில் ஒரு சட்டப் பிரிவு சேர்ந்தது. கிழவனும் கிழவியும் சேர்ந்து இருக்கலாம் என்று தேசம் கண்டுபிடிக்கப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன.

தாது வருஷமும் ஒரு ராத்தலும்

சௌத்வெல் ஊரில் ஆராய்ந்த இக்கொள்கை கடல் கடந்து நம்மிடமும் வந்தது. உதவி கேட்பவனைச் சோதித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், சுகமாக இருந்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்ற எண்ணம் ஆங்கில அதிகாரிகளின் இரத்தத்தில் ஊறியிருந்தது. 1876 முதல் 1878 வரையில் சென்னை மாகாணத்தைப் பாழாக்கிய பஞ்சத்தை, தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்போது வைஸ்ராய் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைக் குறைத்தார். பகல் முழுவதும் மண் வெட்டும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசும்தான் என்று நிர்ணயித்தார். சென்னைச் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், இந்த உணவில் உழைக்கும் மனிதன் உயிர் வாழ முடியாது என்று அஞ்சாமல் வாதாடினார். அவரும் ஆங்கிலேயரே என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். சில மாதங்களில் அந்த அளவைக் கைவிட நேர்ந்தது. அதற்குள் போன உயிர்கள் போனவைதாம்.

ஆங்கிலேயன் நம்மை அடிமைகளாக எண்ணியதனால்தான் அவ்வாறு செய்தான் என்று நாம் சொல்லிவிடுவது சுலபம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் சௌத்வெல் ஊரின் சுவர்களைப் பார்க்கும்போது வேறொன்றும் புலப்படுகிறது. தன் ஊர்க் கிழவனிடத்திலே எந்த அளவுகோலை முதலில் வைத்துப் பார்த்தானோ, அதையே பிறகு நம்மிடமும் வைத்தான். தன் வீட்டு ஏழையைச் சந்தேகிக்கக் கற்றுக் கொண்டவனுக்கு அயல்நாட்டு ஏழையைச் சந்தேகிப்பது பெரிய காரியமா?

பழியைப் பாதுகாத்தல்

இங்கிலாந்து தன் தவற்றை மெல்ல மெல்ல உணர்ந்தது. எழுபது வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரையில் முதுமைக்கால உதவித் தொகை 1909 ஜனவரி முதல் கிடைத்தது. அதை வாங்கத் தபாலாபீசுக்குப் போனால் போதும்; யாரும் அவர்களை வீட்டைவிட்டு வரச் சொல்லவில்லை. 1930-இல் யூனியன்களின் போர்டுகள் ஒழிந்தன. 1948-இல் ஏழைகள் சட்டமே நீங்கிற்று.

சட்டம் நீங்கினாலும் சௌத்வெல் கட்டிடம் வேலையை விட்டுவிடவில்லை. 'கிரீட் ஹவுஸ்' என்று புதுப் பெயர் சூட்டி, முதியோர்களுக்கும், பிற்காலத்தில் வீடிழந்த தாய்மார்களும் குழந்தைகளும் தற்காலிகமாகத் தங்குவதற்கும் அதை உபயோகித்தார்கள். ஒரே அறையில் தாயும் பிள்ளைகளும் கட்டிலும் அடுப்புமாகக் காலம் கழித்தார்கள். பெச்சர் பிரித்த குடும்பம் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அங்கே ஒன்று சேர்ந்தது. ஆனால் வறுமை மட்டும் போகவில்லை.

பிறகு கட்டிடத்தைத் தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றி விற்கும் யோசனை எழுந்தது. அந்தச் சமயத்தில், 1997-ஆம் ஆண்டில், பிரபுக்களின் மாளிகைகளையும் அழகிய தோட்டங்களையும் பாதுகாப்பதில் பெயர் பெற்ற நேஷனல் டிரஸ்ட் என்ற ஸ்தாபனம் இதை வாங்கியது. 2002-இல் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டது. சரித்திர மதிப்புள்ள கட்டிடங்களை அந்நாட்டுச் சர்க்கார் ஜாபிதாவில் சேர்த்து, இடிக்கவோ மாற்றவோ தடை விதிக்கிறது. அந்த ஜாபிதாவில் இந்த ஏழைச் சாலைக்கு, நட்சத்திரக் குறியிட்ட இரண்டாம் வகுப்பு என்ற உயர்ந்த ஸ்தானம் கிடைத்திருக்கிறது.

பல அறைகளை வெறுமையாகவே விட்டிருக்கிறார்கள். மாளிகையென்றால் நாற்காலியும் சித்திரமும் வைத்துக் காட்டலாம். ஒன்றுமில்லாதவர்கள் வாழ்ந்த இடத்தில் எதை வைத்துக் காட்டுவது? சுண்ணாம்பு பூசிய சுவரும், உயரத்தில் ஜன்னலும், காலடி ஓசை எதிரொலிக்கும் தரையுமே அங்கே சாட்சி சொல்கின்றன.

சௌத்வெல் மாதாகோயிலின் கல் இலைகளைப் பாதுகாப்பதில் ஆச்சரியம் இல்லை. அழகானதை யாரும் பாதுகாப்பார்கள். தன் முன்னோர் செய்த பிழையையும் அதே ஊரில், அதே அக்கறையோடு பாதுகாத்துத் தன் குழந்தைகளைக் கைபிடித்து அழைத்துப் போய்க் காட்டுகிறதே ஒரு ஜனசமூகம், அதை நாம் கற்றுக்கொண்டால் நஷ்டமில்லை. நாம் அவர்களிடம் அடைந்த துன்பத்துக்கு இது ஈடாகாது. ஆனால் தன் பிழையை ஒத்துக்கொள்ளும் குணம் எங்கே இருந்தாலும் மதிக்கத் தக்கது.

சுதந்திரம் பெற்ற நம் தேசத்திலும் ஏழைக்கு உதவி என்றதும், 'இவன் மெய்யாகவே ஏழைதானா? கொடுத்தால் சோம்பேறியாகிவிட மாட்டானா?' என்ற கேள்வி நம் நாவில் முதலில் வந்து நிற்கவில்லையா? வாசலில் வந்து நிற்பவனை நாம் ஏற இறங்கப் பார்க்கும் பார்வையில் பெச்சர் பாதிரியார் கொஞ்சம் இருக்கத்தான் இருக்கிறார்.

அந்தக் கட்டிடத்துக்குப் போகும் வழிக்கு ஏழைகளின் பாதை என்று பெயர். இன்றும் பார்க்க வருகிறவர்கள் அதன் வழியாகவே நடந்து செல்கிறார்கள். அன்று அந்தப் பாதையில் ஒரு தகப்பனும் தாயும் பிள்ளைகளும் கைகோத்து நடந்து வந்தார்கள். வாயிற்படி வரையில்தான் அவர்கள் குடும்பம்.